வாடகை குறைந்த வீடு

எங்கள் வீட்டை அரசாங்கம் தேர்ந்தெடுத்திருந்தது. ஏதோ விருது கொடுக்க வந்தவர் மாதிரி விலைவாசி சார்தான் முதல் தடவை வந்தபோது இதைச் சொன்னார். நாட்டில் வாடகை எவ்வளவு ஏறுகிறது என்று பார்க்க எல்லார் வீட்டுக் கதவையும் தட்ட முடியாதாம். அதனால் ஆங்காங்கே சில வீடுகளைக் குலுக்கல் போட்டு எடுத்து, ஆறு மாதத்துக்கு ஒரு தரம் அந்த வீடுகளில் மட்டும் போய்க் கேட்பார்களாம். எங்கள் பேட்டையில் குலுக்கலில் விழுந்தது கணக்கு வாத்தியாருடைய இரண்டாவது மாடி வீடு. அதில் குடியிருந்தவர்கள் நானும் அக்காவும். வாங்கின லாட்டரிச் சீட்டில் ஒன்றுகூட விழாதவளுக்கு இது விழுந்தது.

விலைவாசி சார் என்று பேர் வைத்தது நான்தான். புள்ளிவிவர ஆபீஸ்காரர். தோளில் பை, கையில் ஆபீஸ் கொடுத்த டேப்லெட், வெயிலில் வெந்த முகம். கேள்விகள் மாறவே மாறாது. யார் குடியிருக்கிறீர்கள், எத்தனை அறை, வாடகை எவ்வளவு, போன தடவைக்கு இந்தத் தடவை கூடியதா குறைந்ததா. அப்படியேதான் இருக்கிறது என்பேன். ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவார். நான் சிடுசிடுவென்று பதில் சொன்னாலும் முகம் கோணாத மனிதர். எனக்குக் கோபம் வரப் பெரிய காரணமெல்லாம் வேண்டாம். ஆனாலும் அவர்மேல் அப்போது வந்ததில்லை.

நான் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ரத்தம் எடுக்கிறவள். காலையில் சாப்பிடாமல் கொள்ளாமல் கடுகடுவென்று வந்து உட்காருகிற ஜனங்களின் கையில் நரம்பு தேடுவது என் பிழைப்பு. கட்டடத்துப் பிள்ளைகள் எனக்கு ஊசிக்காரி என்று பேர் வைத்திருந்தன. என் முகத்துக்கும் அது பொருந்தித்தான் இருந்தது. என் புருஷன் போன கதை வேறு, அதற்கும் வட்டி விகிதத்துக்கும் சம்பந்தமில்லை. இருப்பது அக்கா ஒருத்தி. அவளுக்கு நாற்பது தாண்டினதும் கண் மங்க ஆரம்பித்து, மெல்ல மெல்ல முழுசாகவே போய்விட்டது.

பிறவியிலேயே பார்வை இல்லாதவர்கள் உலகத்தை எப்படியோ கற்றுக்கொள்கிறார்கள். நடுவயதில் போனால் ஒவ்வொன்றையும் முதலிலிருந்து படிக்க வேண்டும். அக்கா அந்த வீட்டைப் படித்தாள். முதல் வருஷம் முழுக்க இடித்துக்கொண்டும் சுட்டுக்கொண்டும் என்னைத் திட்டிக்கொண்டும் படித்தாள். எந்த இடத்தில் சுவரில் காரை பெயர்ந்திருக்கிறது, எந்தக் கதவு தானாகச் சாத்திக்கொள்ளும், அடுப்பு மேடையின் விளிம்பு எங்கே மழுங்கியிருக்கிறது, எல்லாம் அவள் உள்ளங்கைக்குத் தெரிந்தது. பிறகு மாடிப்படி. பிறகு தெரு. கீழே இருக்கிற ரொட்டிக் கடைக்கு அவளே இறங்கிப்போய் மீதிச் சில்லறையில் சண்டை போட்டுவிட்டு வருவாள். ஒரு வாடகைக் கார் கம்பெனிக்கு வீட்டிலிருந்தபடியே போனில் வண்டி பதிவு செய்து கொடுக்கிற வேலையும் பிடித்தாள். வீட்டுக்கு வருகிற புது ஆட்களுக்கு அவளுக்குக் கண் தெரியாது என்று புரியவே நேரமாகும். டேப்லெட்டைப் பார்த்தபடி கேள்வி கேட்கிற விலைவாசி சாருக்கு இரண்டாவது தடவைதான் புரிந்தது.

அந்த வீடு எங்களுக்குச் சொந்தமில்லை. ஆனால் அக்காவின் கண் அந்த வீட்டுக்குள்தான் இருந்தது. இதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு மிச்சத்தைக் கேளுங்கள்.

மத்திய வங்கி வட்டியை ஏற்றுகிறது என்று டிவியில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். முதலில் கால் சதவீதம், பிறகு அரை, பிறகு மறுபடி அரை. எங்கேயோ ஒரு பணக்கார நாட்டில் வட்டியை ஏற்றிவிட்டார்களாம். இங்கே போட்டிருந்த பணமெல்லாம் அங்கே ஓடுகிறதாம். நம் பணத்தின் மதிப்பு சரிகிறதாம், எண்ணெயிலிருந்து மருந்து வரை வாங்குகிற விலை கூடுகிறதாம். அதனால் நாமும் ஏற்றினால்தான் பணம் நிற்குமாம், ஜனங்கள் கடன் வாங்குவதும் செலவு செய்வதும் குறைந்து விலைவாசி இறங்குமாம். மத்திய வங்கியின் ஆளுநர் கழுத்துப்பட்டியைச் சரிசெய்துகொண்டு, இது கசப்பு மருந்து, கொஞ்ச நாள் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்றார். மருந்தைக் குடிக்கப் போகிறவர்களில் அவர் இல்லை என்பது கழுத்துப்பட்டியைப் பார்த்தாலே தெரிந்தது. இதெல்லாம் பெரிய இடத்து விவகாரம், நமக்கென்ன என்று நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கணக்கு வாத்தியார் வந்தார். நல்ல மனிதர் என்றே அதுவரை நினைத்திருந்தேன். குழாய் ஒழுகினால் அவரே ஆளைக் கூட்டிக்கொண்டு வருவார். அன்றைக்கு வந்தவர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, அக்கா இருக்கிற பக்கம் பார்க்காமலே குண்டைத் தூக்கிப் போட்டார். வாடகையை ஒன்றரை மடங்காக்கப் போகிறாராம்.

காரணத்தையும் சொன்னார். இந்த வீட்டைக் கடன் போட்டுத்தான் வாங்கியிருக்கிறார். அப்போது பேங்கில் இரண்டு விதமாகக் கடன் கொடுத்தார்கள். கடைசி வரை மாறாத வட்டி ஒன்று, அது கொஞ்சம் கூடுதல். ஊர் வட்டி ஏறினால் ஏறி இறங்கினால் இறங்குகிற வட்டி ஒன்று, அது அன்றைய தேதிக்குக் குறைச்சல். காலமெல்லாம் கரும்பலகையில் கூட்டு வட்டி எழுதிப் போட்ட மனிதர், குறைச்சலாக இருந்ததைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டார். வட்டி ஏற ஏறப் பேங்க்காரன் மாதத் தவணையைத் தொடவே இல்லை. கடன் முடிகிற காலத்தின் வாலில் வருஷங்களைச் சேர்த்துக்கொண்டே போனான். தவணை மாறவில்லையே என்று இவர் நிம்மதியாக இருந்திருக்கிறார். கடைசியில் அந்த வால் இவர் ஓய்வு பெறுகிற வயதையும் தாண்டி நீண்டுவிட்டது. இனி இழுக்க இடமில்லை என்று ஆனதும் பேங்க் ஒரே போடாகத் தவணையை ஏற்றிவிட்டது.

"நான் ஏத்தலம்மா. பேங்க்காரன் ஏத்துறான். அவனைக் கேட்டா மத்திய வங்கி ஏத்துதுங்கிறான்."

"மத்திய வங்கி எதுக்கு சார் ஏத்துது?"

"விலைவாசியைக் குறைக்கத்தான்."

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவர் காதிலேயே விழுந்திருக்க வேண்டும். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எனக்குச் சிரிப்பு வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அதோடு விட்டாரா, இல்லை. ஏற்றிய வாடகையில் பாதிக்குத்தான் ரசீது தருவாராம், மீதியைக் கையில் கொடுத்துவிட வேண்டுமாம். முழுசாகக் காட்டினால் வரியிலேயே போய்விடுமாம். அந்தக் கணக்கெடுக்கிற ஆள் வந்தாலும் ரசீதில் இருக்கிறதை மட்டும் சொல்லச் சொன்னார். ஒன்றரை மடங்கு கொடுக்க என்னிடம் வழியில்லை, இருந்தாலும் பொய் சொல்ல என்னால் முடியாது என்றேன். அக்காவைக் காட்டி, இவளை எங்கே கொண்டுபோய் வைப்பேன் என்றும் கேட்டேன். அவர் எழுந்து நின்று, எனக்கும் குடும்பம் இருக்கிறதம்மா என்றார். யோசிக்க இரண்டு மாதம் தந்தார். யோசிப்பது இலவசம்.

மறுநாளே டாக்டரிடம் போனேன். எங்கள் பரிசோதனை நிலையத்தின் முதலாளியை டாக்டர் என்றுதான் கூப்பிடுவோம், வைத்தியம் பார்த்து யாரும் பார்த்ததில்லை. சம்பளத்தைக் கொஞ்சம் கூட்டித் தாருங்கள், வாடகை ஏறுகிறது என்றேன். அவர் போனை எடுத்து ஒரு செய்தியைத் தேடிக் காட்டினார். விலைவாசிக் குறியீட்டில் வீட்டு வாடகை ஏறவே இல்லை என்று போட்டிருந்தது. எங்கள் நிலையத்தில் எல்லாருக்கும் சம்பளம் கூடுவது அரசாங்கம் சொல்கிற விலைவாசியை வைத்துத்தான். அது ஏறினால் ஏற்றுவார், அதற்கு மேல் ஒரு பைசா கிடையாது. வேலைக்குச் சேரும்போதே கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

"இது கவர்மென்ட் நம்பர்மா. நானா எழுதுறேன்?"

அந்த வருஷத்தில் மட்டும் ரத்தப் பரிசோதனைக் கட்டணத்தை மூன்று தரம் ஏற்றியவர் அவர். அதை எந்த நம்பரை வைத்து ஏற்றினார் என்று கேட்க வாய் வரை வந்தது. இருக்கிற வேலையும் போய்விட்டால் யோசிக்கிற இலவசமும் போய்விடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு வெளியே வந்தேன். அன்றைக்கு என் ஊசி ஒன்றிரண்டு பேருக்கு வலித்திருக்கும்.

அந்த இரண்டு மாதத்துக்குள்தான் விலைவாசி சாரின் முறை வந்தது. மனிதர் வழக்கம்போல டேப்லெட்டைத் திறந்தார். நான் வழக்கம்போல இல்லை. ஊரெல்லாம் வாடகை எகிறிக் கிடக்கும்போது உங்கள் ஆபீஸ் மட்டும் எந்த ஊரில் உட்கார்ந்து எழுதுகிறது என்று பிடித்துக்கொண்டேன். அவர் பொறுமையாக விளக்கினார். அவர்களிடம் இருப்பது பெரும்பாலும் பல வருஷமாக ஒரே ஆள் குடியிருக்கிற வீடுகள். அதில் வாடகை அவ்வளவாக ஏறாது. ஆள் மாறும்போதுதான் தாவும். ஆள் மாறின வீட்டில் பெரும்பாலும் கதவைத் திறக்க மாட்டார்கள், திறந்தாலும் பேச மாட்டார்கள். பேசாத வீட்டுக்குப் பழைய வாடகையையே மறுபடி போட்டுக்கொள்ள வேண்டும் என்பது விதி. நாங்கள் வீட்டைத்தான் பின்தொடர்வோம், ஆட்களை இல்லை என்றார்.

அதாவது, வாடகை ஏறுகிற நிமிஷத்தில் வாடகை அவர்கள் கண்ணிலிருந்து மறைந்துவிடுகிறது. துரத்தப்பட்டவள் எங்கே போனாள் என்று கேட்க ஒரு கேள்விகூட அந்த டேப்லெட்டில் இல்லை.

கணக்கு வாத்தியார் கேட்கிற ஒன்றரை மடங்கை எழுதிக்கொள்ளச் சொன்னேன். கேட்பதை எழுத முடியாது, கொடுப்பதைத்தான் எழுத முடியும் என்றார். குறியீட்டில் வாடகை ஒரு பெரிய பங்கு, அது அசைந்தால் மேலே இருப்பவர்கள் கவனிப்பார்கள் என்றும் சொன்னார்.

"கவனிச்சு என்ன சார் பண்ணுவாங்க? வட்டியைக் குறைப்பாங்களா?"

அவர் தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்தார். "கூட்டுவாங்கம்மா" என்றார்.

வட்டியை ஏற்றினால் என் வாடகை ஏறுகிறது. ஏறின வாடகையைச் சொன்னால் வட்டியை இன்னும் ஏற்றுவார்கள். சொல்லாவிட்டால் வாடகையே ஏறவில்லை என்று என் சம்பளத்தை ஏற்ற மாட்டார்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் அடி எனக்குத்தான் விழுகிற மாதிரி இதை எத்தனை பேர் படித்துப் பட்டம் வாங்கி உட்கார்ந்து யோசித்தார்களோ தெரியவில்லை. ஏறினால் ஏறட்டும் சார், பொய்யாக இறங்குவதை விட நிஜமாக ஏறட்டும் என்று கத்தினேன். உள்ளே போனில் வண்டி பதிவு செய்துகொண்டிருந்த அக்கா, வாடிக்கையாளரிடம் பக்கத்து வீட்டில் சண்டை என்று சொன்னது எனக்குக் கேட்டது.

காலி செய்தோம். கிடைத்த வீடு பஸ் கடைசியாக நிற்கிற இடத்துக்கும் அப்பால், ஒரு டயர்க் கடைக்குப் பின்னால் வரிசையாகக் கட்டிய அறைகளில் ஒன்று. வாடகை பழையதுக்குச் சமம், வசதி பாதி. இரண்டு அறைக்கும் நடுவில் யாருக்கும் பிரயோஜனமில்லாத ஒரு மேடு. கதவு உள்பக்கமாகத் திறந்து முகத்தில் அடிக்கும். வாசலுக்கும் தெருவுக்கும் நடுவில் மூடி இல்லாத சாக்கடை, அதன்மேல் ஒரு பலகை. வீட்டுக்குள் போனுக்குச் சிக்னல் வராது. கார் கம்பெனிக்காரன் ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு வேறு ஆளைப் போட்டுக்கொண்டான்.

முதல் வாரம் அக்கா அந்த மேட்டில் தடுக்கி விழுந்தாள். அடுத்த வாரம் சாக்கடையில் ஒரு கால். இவள்தான் எதையும் படித்துக்கொள்வாளே, இதையும் படிப்பாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவள் படிக்கவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டு, நான் வேலையிலிருந்து திரும்புகிற வரைக்கும் எழுந்திருக்காமல் இருக்கப் பழகினாள். தண்ணீர் குடிப்பதையும் குறைத்துக்கொண்டாள். எழுந்தால்தானே விழ வேண்டும். ஒரு நாள் தலை வாரிவிடும்போது, எப்போது பார்த்தாலும் இப்படியே உட்கார்ந்திருந்தால் எப்படி, கொஞ்சம் நடந்து பழகு என்று சொன்னேன்.

"அந்த வீட்ல எனக்குக் கண்ணு தெரியும்டி. இந்த வீட்லதான் நான் குருடி."

அதை அழுதுகொண்டு சொல்லியிருந்தால் சமாளித்திருப்பேன். சாதாரணமாக, மணி என்ன என்று கேட்கிற மாதிரி சொன்னாள்.

அப்போதுதான் ஒரு முடிவுக்கு வந்தேன். பழைய தெருவிலேயே, ரொட்டிக் கடைக்கு நாலு கட்டடம் தள்ளி, தரைத்தளத்தில் ஒரு ஒற்றை அறை காலியாக இருந்தது. அந்த வீடு இல்லாவிட்டால் அந்தத் தெருவாவது. தெரு அக்காவுக்குத் தெரியும், சிக்னலும் கிடைக்கும். வாடகைதான் எட்டவில்லை, ஆனால் எட்டாத உயரமும் இல்லை. வருஷக் கடைசியில் டாக்டர் நியாயமாக ஒரு ஏற்றம் கொடுத்தால் எட்டிவிடலாம். அவர் கொடுக்க வேண்டுமானால் குறியீடு ஏற வேண்டும். ஒரு வீட்டைத் திருத்தினால் நாட்டுக் கணக்கு மாறிவிடாது என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் ஒவ்வொரு வீடும் இதே சாக்கைச் சொன்னால் எப்போது மாறும். அதைவிடவும், நாங்கள் அந்த வீட்டிலிருந்து துரத்தப்பட்டது எங்கேயாவது ஒரு இடத்தில் எழுதப்பட வேண்டும் என்ற வெறி எனக்கு. அது வெறும் எண்ணாக இருந்தாலும் சரி.

ஆறு மாதம் ஆகப்போகிறது என்றதும் விலைவாசி சாருக்கு நானே போன் செய்தேன். அவர் ஏற்கெனவே ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டாராம், புதிதாக வந்தவர்கள் கதவைத் திறக்கவில்லையாம். இன்னொரு முறையும் திறக்காவிட்டால் பழைய வாடகையையே போட்டு அனுப்பிவிட வேண்டியதுதான் என்றார். போட்டுவிடாதீர்கள், நானும் வருகிறேன், பெண்பிள்ளைக் குரல் கேட்டால் திறப்பார்கள் என்றேன். அவருக்குத் தயக்கம். கூட்டிக்கொண்டு போகிற வழக்கமில்லையாம். நான் உங்களோடு வரவில்லை, என் பழைய வீட்டைப் பார்க்கப் போகிறேன், அதே நேரத்தில் நீங்களும் வருகிறீர்கள், அவ்வளவுதான் என்றேன்.

அரை நாள் லீவு போட்டேன். கிளம்பும்போது அக்கா என் கையைப் பிடித்து, கோபப்பட்டுக் காரியத்தைக் கெடுத்துக்கொள்ளாதே என்றாள். நான் எப்போது கோபப்பட்டேன் என்று கோபமாகக் கேட்டுவிட்டுப் போனேன்.

குரல் கொடுத்ததும் கதவு திறந்தது. ஒரு பெண், இருபத்தைந்து வயது இருக்கும், இடுப்பில் குழந்தை. அக்கா தடையில்லாமல் நடக்க வேண்டும் என்று நான் காலியாகவே வைத்திருந்த இடத்தில் ஒரு பெரிய பீரோ நின்றது. முன்னால் இங்கே குடியிருந்தவள் என்று சொன்னதும் அந்தப் பெண் உட்காரச் சொன்னாள், விலைவாசி சார் கேட்காமலே அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்தாள். நல்ல பெண்தான். அவர் கேள்விகளை ஆரம்பித்தார். யார் குடியிருக்கிறீர்கள், எத்தனை அறை. வாடகை எவ்வளவு என்றதும் அவள் ஒரு தொகையைச் சொன்னாள். பாடத்தை ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி, மூச்சு விடாமல் சொன்னாள்.

ஒன்றரை மடங்கில் பாதி, முக்கால். கணக்கு வாத்தியாரிடம் படிக்காமலே எனக்கு இந்தக் கணக்கு வந்தது. நாங்கள் கொடுத்துக்கொண்டிருந்ததை விடக் கால்வாசி குறைச்சல்.

அது ரசீது வாடகை, கையில் எவ்வளவு கொடுக்கிறாய் என்று அவளைக் கேட்டேன். கையில் எதுவும் இல்லை என்றாள். பொய் சொல்லாதே, இந்த வீட்டுக்கு அவர் என்னிடம் கேட்டது எவ்வளவு என்று எனக்குத் தெரியும் என்று என் குரல் உயர்ந்தது. குழந்தை அழ ஆரம்பித்தது. அவள் உள்ளே போய் ரசீதைக் கொண்டுவந்து நீட்டினாள். கணக்கு வாத்தியாரின் முத்து முத்தான கையெழுத்து. விலைவாசி சார் ரசீதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நடந்ததை எல்லாம் சொல்லி, உண்மையை எழுதுங்கள் சார் என்றேன். நீங்கள் இப்போது இந்த வீட்டில் இல்லையேம்மா, குடியிருப்பவர் சொல்வதைத்தான் எழுத வேண்டும் என்றார்.

அந்தப் பெண் குழந்தையைத் தோளுக்கு மாற்றிக்கொண்டு என் பக்கத்தில் வந்தாள். அவருக்குக் கேட்கக் கூடாது என்று குரலைத் தாழ்த்தினாள்.

"உள்ளதைச் சொன்னா வாத்தியார் எங்களையும் காலி பண்ணச் சொல்லிடுவாருக்கா. இவனை வச்சுக்கிட்டு நாங்க எங்கே போவோம்?"

எங்கே போவீர்கள் என்று எனக்குத் தெரியும். டயர்க் கடைக்குப் பின்னால் எங்கள் வரிசையில் இன்னும் இரண்டு அறை காலியாக இருந்தது. நான் வாயைத் திறந்தால் அவள் வந்து அந்த மேட்டில் தடுக்கி விழ வேண்டும். இத்தனை வருஷமாக எவனுக்கும் மூடாத வாய், ஒரு கைக்குழந்தைக்காரிக்கு முன்னால் மூடிக்கொண்டது. எனக்கு என்மேலேயே பற்றி எரிந்தது.

விலைவாசி சார் தொகையைப் பதிந்தார். டேப்லெட் அத்தோடு விடவில்லை. வாடகை இறங்கியிருந்தால் அது ஏன் என்று ஒரு கேள்வி கேட்குமாம், பதில்களையும் அதுவே வரிசையாகக் கொடுக்கும். அவர் விரலால் தள்ளிக்கொண்டே போய் ஒன்றைத் தொட்டார். எட்டிப் பார்த்தேன். குடியிருப்பவர் மாற்றம் என்று இருந்தது. நாங்கள் போனதால்தான் வாடகை குறைந்ததாம்.

படியிறங்கும்போது அவரை நிறுத்தினேன்.

"அவ சொன்னது பொய்னு உங்களுக்குத் தெரியும்ல?"

"தெரியும்மா."

"அப்புறம் ஏன் எழுதினீங்க?"

"தெரிஞ்சதை எழுத எனக்குச் சம்பளம் இல்லம்மா. சொன்னதை எழுதத்தான்."

அவரையும் திட்ட முடியவில்லை. தலையைக் குனிந்துகொண்டு இறங்கிப்போன மனிதரின் சட்டை முதுகில் வியர்வையால் ஒட்டியிருந்தது. ரொட்டிக் கடைக்காரர் என்னைப் பார்த்துவிட்டு, அக்கா எப்படி இருக்கிறார்கள், சில்லறைச் சண்டைக்கு ஆளில்லாமல் கடையே வெறிச்சென்று இருக்கிறது என்றார். நன்றாக இருக்கிறாள் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

வழியெல்லாம் கணக்குப் போட்டேன். இந்த முக்கால் எங்கேயோ ஒரு பெரிய கட்டடத்துக்குப் போகும். மற்ற முக்கால்களோடு சேர்ந்து, வாடகை கட்டுக்குள் வந்துவிட்டது, மருந்து வேலை செய்கிறது என்று ஆளுநர் வாயிலிருந்து வரும். அதை டாக்டர் போனில் எனக்குக் காட்டுவார். அக்கா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருப்பாள்.

உட்கார்ந்துதான் இருந்தாள். என் செருப்புச் சத்தம் கேட்டதும் முகத்தைத் திருப்பி, எழுதிக்கொண்டாரா என்று கேட்டாள். எழுதிக்கொண்டார் என்றேன். எவ்வளவு என்றாள். சொல்லாமல் இருந்திருக்கலாம். சொன்னேன்.

அவள் விரல் மடக்கிக் கணக்குப் பார்த்தாள். பிறகு அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அந்த வீட்டை விட்டு வந்த பிறகு அப்படி ஒரு முகத்தை நான் பார்க்கவில்லை.

"நாம குடுத்ததை விடக் கம்மியா? அப்போ நாம திரும்பிப் போயிடலாமேடி."

கேலி செய்கிறாள் என்று நினைத்தேன். இல்லை. அது நிஜமான வாடகை இல்லை, ரசீதில் இருக்கிற வாடகை, கையில் வேறு கொடுக்க வேண்டும் என்று சொல்ல ஆரம்பித்தேன். அவள் கையை ஆட்டி என்னை நிறுத்தினாள்.

"கவர்மென்டே எழுதியாச்சுன்னா அதுதானே வாடகை?"

ஆளுநருக்கு ஒரு காரணம் இருந்தது. பேங்க்காரனுக்கும் கணக்கு வாத்தியாருக்கும் டாக்டருக்கும் விலைவாசி சாருக்கும் குழந்தையோடு நின்ற அந்தப் பெண்ணுக்கும் ஆளுக்கொரு காரணம் இருந்தது. காரணம் எதுவும் இல்லாமல் என் எதிரில் உட்கார்ந்திருந்தது அக்கா ஒருத்திதான். நான் அவளைத் திட்டினேன்.